நாக்கின் அடியில் வைத்த மாத்திரை

மகனே,

நடந்ததை நடந்தபடி, எதையும் விடாமல், என்னை நல்லவளாகக் காட்டுவதற்காக எதையும் மாற்றாமல் எழுதப்போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினான்கு வயது. தில்லியில், மந்திர் மார்க்கில் உள்ள ஒரு தமிழ்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். நீ மகனாகத்தான் பிறப்பாய் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆனால் மகளாகப் பிறந்தால் அவள் என்னைப் போலவே இருப்பாள், அவளுக்கு இதையெல்லாம் சொல்லாமலே தெரிந்துவிடும். அதனால் மகன் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ வீட்டை விட்டுக் கிளம்பும் நாளில் இதை உன் கையில் கொடுப்பேன்.

தாய் ஆன பிறகு எழுத வேண்டிய கடிதத்தை இப்போதே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அப்போது எனக்கு மறந்துபோயிருக்கும். என் அம்மாவுக்கு மறந்துவிட்டது. அவளும் ஒரு காலத்தில் பதினான்கு வயதுப் பெண்ணாக இருந்து, யாரையாவது பார்த்து வயிறு எரிந்திருப்பாள் அல்லவா? கேட்டால், "அதுக்கெல்லாம் எனக்கு நேரம் எங்கட்டி இருந்துச்சி" என்கிறாள். நானும் வளர்ந்து வேலைக்குப் போவேன். நான் தினமும் பார்க்கும் யாரோ ஒருவர்மீது, நீ பார்த்தே இராத ஒருவர்மீது, உனக்குப் பொறாமை வரும். வந்தால் அதற்காக வெட்கப்படாதே. பொறாமையைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். அஞ்சலை என்ற பெண்மீது நான் பட்ட பொறாமையைத்தான் இந்தக் கடிதம் முழுவதும் எழுதப்போகிறேன்.

உன் பாட்டி, அதாவது என் அம்மா, அரசாங்க டி.பி. கிளினிக்கில் ஹெல்த் விசிட்டர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தில்லிக்கு வந்து இத்தனை வருடமாகியும் அம்மாவும் அப்பாவும் வீட்டுக்குள் அந்த ஊர்த் தமிழை விடவில்லை. அப்பா ஒரு அமைச்சகத்தில் கிளார்க். பள்ளி விட்டதும் நான் பஸ் ஏறி அம்மாவின் கிளினிக்குக்கு வந்துவிடுவேன். வராந்தாவில் ஒரு பெஞ்சு உண்டு. அதில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன், அம்மா முடித்ததும் சேர்ந்து வீட்டுக்குப் போவோம். உள்ளே வரக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. அந்த அறையின் ஜன்னல்களை நோய் தேங்காமல் இருக்க எந்தக் காலத்திலும் சாத்த மாட்டார்கள். தில்லிக் குளிரில் ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு அந்தத் திறந்த ஜன்னல் வழியாக நான் பார்த்ததெல்லாம் அம்மாவை மட்டும்தான். அவள் என்னைப் பார்க்கவில்லை. "ம்மா" என்று கூப்பிட்டால் திரும்பாமலே "ஒரு நிமிஷம் இரு" என்பாள். அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளமானது என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு வரலாற்றுப் பாடமே படித்து முடித்திருக்கிறேன்.

முன்பு அப்படி இல்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் என் பொறாமை எங்களுடைய வீட்டில் பிறந்ததல்ல, அரசாங்கத்தின் ஒரு புதிய ஏற்பாட்டில் பிறந்தது. அம்மா வேலைக்குச் சேர்வதற்கும் வெகுகாலம் முன்னால் டி.பி. வந்தவர்களை ஊருக்கு வெளியே பெரிய ஆஸ்பத்திரிகளில் மாதக்கணக்கில் படுக்க வைத்திருப்பார்களாம். நீண்ட தாழ்வாரம், வரிசையாகக் கட்டில்கள், நல்ல காற்று, முட்டை, பால். இரவும் பகலும் நர்சுகளின் கண் மேலேயே இருக்கும். பிறகு நல்ல மாத்திரைகள் வந்தன. வீட்டில் இருந்தபடியே சாப்பிட்டாலும் குணமாகும் என்று தெரிந்தபின் கட்டில்களின் தேவை குறைந்தது, நகரமெங்கும் கிளினிக்குகள் வந்தன. அம்மா சேர்ந்தது அந்தக் காலத்தில். நோயாளி மாதத்துக்கு ஒரு முறை வருவார். ஒரு மாதத்து மாத்திரையைக் காகிதப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவார். கொஞ்ச நாளில் இருமல் நிற்கும், பசி எடுக்கும், உடம்பு தேறியதாகத் தோன்றும். அவ்வளவுதான், மாத்திரையை நிறுத்திவிடுவார். வராதவர்களுக்கு அம்மா தபால் கார்டு எழுதிப்போடுவாள். கார்டு போய்ச் சேரும் முன்பே அவர் வேறு குடிசைக்கு, வேறு வேலைக்கு, வேறு ஊருக்குப் போயிருப்பார். திரும்பி வரும்போது முன்பைவிட மெலிந்து, பழைய மருந்துக்குக் கட்டுப்படாத நோயோடு வருவார். அந்த நாட்களில் அம்மா சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் தலையைப் பின்னிவிட்டுக்கொண்டே இதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாள். எனக்கு அந்த வருத்தம் பிடித்திருந்தது. அவள் விரல்கள் என் தலையில் இருந்தன.

அப்புறம்தான் புது முறை வந்தது. டாட்ஸ் என்பார்கள். பெரிய கிளினிக்கின் பகுதியைச் சின்னச் சின்ன வட்டாரங்களாகப் பிரித்தார்கள். சளியைச் சோதிக்க மைக்ராஸ்கோப் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வந்தது. நோயாளி ஒவ்வொருவருக்கும் அவர் பேர் எழுதிய ஓர் அட்டைப்பெட்டி. முழு வைத்தியத்துக்கும் வேண்டிய மருந்து முதல் நாளே அதற்குள் வந்துவிடும். நடுவில் மருந்து தீர்ந்துவிட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை, அந்தப் பெட்டியை வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாது. நோயாளி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வர வேண்டும். வந்து, எதிரில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, மாத்திரையை முழுங்க வேண்டும். முழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். பயிற்சி முடிந்து வந்த அன்று அம்மாவுக்கு ஒரே கோபம். "நான் என்ன போலீசா? எங்கப்பா வயசு ஆள்கிட்ட போயி நாக்கத் தூக்குங்கன்னு சொல்லவா?" என்று அப்பாவிடம் சண்டை பிடித்தாள். நான் அவள் பக்கம் நின்றேன். அந்தக் கோபம் நீடித்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். நீடிக்கவில்லை. பாதியில் ஓடிப்போகும் ஆட்கள் பெட்டி தீரும்வரை வர ஆரம்பித்தார்கள். அம்மாவுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. முன்பு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்த முகங்களை இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் பார்த்தாள். யாருக்கு வாந்தி வந்தது, யார் வீட்டில் சண்டை, யார் புதுச் செருப்பு வாங்கினார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. என் தலையை நானே பின்னிக்கொள்ளப் பழகினேன்.

அப்பா இதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டார். "உங்க அம்மைக்கு யாராவது இருமுனாதான் கண்ணு தெரியும்" என்றார். அதை நான் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே சமையலறை வாசலில் நின்று இருமினேன். நன்றாக, ஆழமாக, கிளினிக்கில் கேட்டுக் கேட்டுப் பழகிய இருமல். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "சளி வருதா?" என்றாள். இல்லை என்றேன். "ராத்திரி வேர்க்குதா?" இல்லை என்றேன். "அப்ப தண்ணி குடி" என்று வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அஞ்சலை வந்தாள். ஜங்புராவில், பாராபுல்லா நாலா என்ற சாக்கடைக் கால்வாயை ஒட்டி இருக்கும் மதராசி கேம்ப்பில் வீடு. பூர்வீகம் விழுப்புரம் பக்கம். தன் அம்மாவோடு ஜங்புராவின் பெரிய பங்களாக்களில் பாத்திரம் தேய்க்கப் போகிறவள். என் வயதுதான். என்னைவிட உயரம், என்னைவிட நல்ல இந்தி, என்னைவிட நல்ல பல். முதல் வாரங்களில் மாத்திரையைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். வெறும் வயிற்றில் வருவதால்தான் என்று அம்மா கண்டுபிடித்தாள். மறுநாளிலிருந்து என் டிபன் டப்பாவோடு வரும் வாழைப்பழம் வராமல் போயிற்று. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அது அஞ்சலையின் கையில் இருந்தது. அம்மா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"முழுங்கு. என் மூஞ்சியப் பாரு. மாத்திரையப் பாக்காத."

"வாந்தி வருதுக்கா."

"வந்தா வரட்டும். என் சேலையிலயே எடு. நாளைக்கு வேற சேல கெட்டிக்கிடுவேன்."

அஞ்சலை சிரித்துவிட்டாள். சிரித்தபடியே முழுங்கியும் விட்டாள்.

"வாயத் தொற. நாக்கத் தூக்கு. ம்ம். எங்க ராசாத்தி."

ராசாத்தி என்பது என்னுடைய பேர், மகனே. பள்ளியில் உள்ள பேர் அல்ல. நான் பால் முழுவதையும் குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டிய காலத்தில் அம்மா வைத்த பேர். அது காணாமல் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. எங்கே போயிருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் நான் மிகவும் சாதாரணமாகக் கேட்டேன்: "அந்தப் பொண்ணுக்கு அவங்க அம்மாவே வீட்ல மாத்திரை குடுத்தா என்ன? எதுக்கு இங்க வரணும்?"

"வீட்டு ஆள் குடுக்கக் கூடாதுட்டி. அதுதான் ரூல்" என்றாள் அம்மா. "பெத்தவ என்ன செய்வா? முழுங்கிட்டேன்னு புள்ள சொன்னா நம்பிருவா. இல்ல, பாவம் கசக்குதேன்னு விட்டுருவா. வெளி ஆளுன்னாதான் வாயத் தொறந்து பாப்பாங்க."

 ரூல் நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். என் அம்மா என்னைப் பார்க்காததற்குக் காரணம், நான் அவளுடைய மகளாக இருப்பதுதான் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது.

அந்த மாதத்தில் எனக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தது. அம்மா ஒரு குரோசினை எடுத்து என் வாயில் போட்டு, தண்ணீர் தம்ளரைக் கையில் கொடுத்தாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. மாத்திரையை நாக்கின் அடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் குடித்தேன். இப்போது "வாயத் தொற" என்பாள், "நாக்கத் தூக்கு" என்பாள், மாட்டிக்கொள்வேன், திட்டுவாள் என்று காத்திருந்தேன். மாத்திரை கரைந்து கசப்பு தொண்டை வரைக்கும் போயிற்று. அம்மா போர்வையை இழுத்து மூடிவிட்டு, "தூங்கு. நான் கெளம்புதேன். சூப் பிளாஸ்க்ல இருக்கு" என்று சொல்லிப் போய்விட்டாள். எழுந்து போய் வாஷ்பேசினில் துப்பினேன். முழுங்கக் கூடாது என்று நினைத்துத் துப்பவில்லை. யாரும் பார்க்காதபோது அதை எதற்கு முழுங்க வேண்டும் என்று தோன்றியது. காய்ச்சல் அதுவாகவே விட்டது.

பிறகு என் பொறாமைக்கு ஒரு நல்ல காலம் வந்தது. ஏற்பாடு மறுபடியும் மாறியது. நோயாளிகள் கிளினிக்குக்கு நடக்கும் தூரம் அதிகம், அந்த நேரத்தில் கூலி போகிறது, அதனால் பெட்டிகளை அவரவர் குடியிருப்புக்கே அனுப்பிவிடலாம் என்று முடிவானது. அங்கே நம்பிக்கையான ஒருவர், கடைக்காரரோ தையல்காரரோ, மருந்தைக் கொடுப்பார். வாரத்துக்கு ஒரு முறை கிளினிக்கிலிருந்து போய்ப் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு இது மிகச் சிறந்த திட்டமாகத் தோன்றியது. இப்போதும் அது நல்ல திட்டம்தான், பல பேருக்கு அதனால் வேலை கெடாமல் வைத்தியம் நடக்கிறது. ஆனால் நான் சந்தோஷப்பட்டது அவர்களுக்காக அல்ல. அஞ்சலையின் பெட்டி அலமாரியிலிருந்து இறங்கி, கேம்ப் முனையில் உள்ள ஓம்பிரகாஷ்ஜியின் மளிகைக் கடைக்குப் போனதற்காகச் சந்தோஷப்பட்டேன். கடைசி நாள் அஞ்சலை ஜன்னல் பக்கம் வந்து என்னிடம் கேட்டாள்: "இன்னாமே, தெனம் இங்கதான் குந்திக்கினு இருப்பியா?" ஆமாம் என்றேன். "குடுத்து வெச்சவ" என்றாள்.  என் முகம் பதில் சொல்லியிருக்கும்.

வாழைப்பழம் திரும்பி வந்தது. அம்மா திரும்பி வரவில்லை. அஞ்சலையின் இடத்தில் ஒரு ரிக்ஷாக்காரர், அவருக்குப் பின்னால் ஒரு கல்லூரிப் பையன். "ஒரு நிமிஷம் இரு" அப்படியே இருந்தது.

குளிர் தொடங்கியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நாள். அன்றைக்கு எல்லா சுகாதார ஊழியர்களுக்கும் வேலை உண்டு. அம்மாவுக்கு மதராசி கேம்ப் விழுந்தது. ஐஸ் டப்பாவைத் தூக்குவதற்கு நானும் போனேன். ஓம்பிரகாஷ்ஜியின் கடையை ஒட்டி மேஜை போட்டிருந்தார்கள். அம்மா குழந்தைகளின் வாயில் இரண்டு சொட்டு விடுவாள், நான் சுண்டுவிரல் நகத்தில் மை வைப்பேன். குழந்தைகள் அழுதன. அன்றைக்கு நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். முதல் முறையாக அம்மாவின் வேலையில் நான் வெளியே இல்லை.

நடுவில் அம்மா கடைக்காரரிடம் அஞ்சலையைப் பற்றிக் கேட்டாள். அவர் நல்ல மனிதர். அம்மா கேட்காமலே அவளுக்கு டீ வரவழைத்தவர். "பில்குல் டைம் பர் ஆத்தீ ஹை, மேடம்ஜி" என்றார், ஒரு நாள்கூடத் தவறாமல் வருகிறாள் என்று. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் அம்மாவின் கையில் ஓர் அழுகிற குழந்தை, எதிரில் ஒரு வரிசை. "என்னட்டி, நல்லாருக்கியா? ஒரு நிமிஷம் இரு" என்றாள் அம்மா.

அஞ்சலையிடம்! அதே ஒரு நிமிடத்தை! எனக்குள் ஏதோ ஒன்று குதித்தது. அதை நல்ல உணர்ச்சி என்று சொல்ல முடியாது.

ஓம்பிரகாஷ்ஜி பெட்டியைத் திறந்து மருந்தை எடுத்துக் கொடுத்து, தண்ணீரையும் கொடுத்தார். ஒரு கை தராசில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தது. "ஜல்தி கா லே, பேட்டி" என்றார், சீக்கிரம் முழுங்கு மகளே என்று. அவள் வாயில் போட்டாள், தண்ணீர் குடித்தாள். அவர் சர்க்கரைப் பொட்டலத்தைக் கட்டினார். அவள் தாடையை நான் பார்த்தேன். குடித்து முடித்த பிறகும் அவள் தாடை அசையாமல், கீழுதடு சற்று முன்தள்ளி, நாக்கு எதையோ அமுக்கிப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. உதட்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கசிவு. அந்த மருந்தில் ஒரு சிவப்புக் குளிகை உண்டு. முழுங்கினால் வயிற்றுக்குள் போய்விடும். வாயில் வைத்திருந்தால்தான் கசியும்.

மகனே, அந்த இடத்தில் வேறு யார் நின்றிருந்தாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்கு அந்தத் தாடை தெரியும், அந்தக் கசப்பு எவ்வளவு தூரம் இறங்கும் என்று தெரியும். அவள் நாலா பக்கம் திரும்பி நடந்தாள். துப்பப் போகிறாள் என்பதும் தெரியும்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். இதைத்தான் உனக்கு மறைக்காமல் எழுத வேண்டும். சொன்னால் பெட்டி கிளினிக்குக்குத் திரும்பி வரும், ராசாத்தி வரும், வாழைப்பழம் போகும். சொல்லாவிட்டால் அவள் மெலிவாள், இருமுவாள், ஒரு நாள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போவாள். நன்றாகப் பார்த்தபோது அவள் ஏற்கெனவே கொஞ்சம் மெலிந்துதான் இருந்தாள், கன்னத்து எலும்பு தெரிந்தது. மை பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் நாலாவின் சுவர் வரைக்கும் போய்விட்டாள்.

"ம்மா! அஞ்சலையை நாக்கைத் தூக்கச் சொல்லு!" என்று கத்தினேன்.

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். குழந்தையை அதன் தாயிடம் கொடுத்தாள். வரிசையில் நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன்.

"அஞ்சலை. வாயத் தொற."

அஞ்சலை மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"தொறன்னு சொல்லுதேன்."

திறந்தாள். நாக்கைத் தூக்கச் சொல்லும் முன்பே தூக்கினாள். வாய் முழுக்கச் சிவப்பு. குளிகை பாதி கரைந்து ஈறில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எத்தன நாளாட்டி இப்படி?"

"தெனமும் இல்லக்கா. சில நாளு முழுங்கிடுவேன்."

"ஏன்? வீட்டுப் பக்கத்துலதான குடுத்துருக்கோம்? உனக்கு நடக்கக்கூட வேண்டாமே!"

"அவரு பாக்கறதே இல்லக்கா. சக்கரையப் பாக்குறாரு." அஞ்சலை அழவில்லை. கோபமாகச் சொன்னாள். "வாந்தி வந்தா யாரு கையப் புடிச்சிக்குறது? தராசையா புடிச்சிக்கறது? நீங்கதான் பொட்டியத் தூக்கி இங்க அனுப்பிட்டீங்க. என்ன வேணான்னுதான அனுப்பினீங்க?"

 தூரம், கூலி, வசதி என்று திட்டத்தில் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். இதை யாரும் யோசிக்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என்னிடமிருந்து ஐஸ் டப்பாவை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "உனக்கு எப்படிட்டி தெரியும்?" என்றாள். குரோசினைப் பற்றிச் சொன்னேன். இருமலைப் பற்றியும் சொன்னேன். வாழைப்பழத்தைப் பற்றிச் சொல்ல நினைத்தேன், அது அற்பமாகத் தோன்றியது, ஆனாலும் சொல்லிவிட்டேன். நடத்துனர் வந்து போனார்.

"காய்ச்சல்லயா துப்புன?" என்றாள். வேறு எதுவும் காதில் விழாததுபோல். பிறகு, "நீ என் மவ. உன்ன நான் எதுக்குட்டி சந்தேகப்படணும்?"

"சந்தேகப்பட்டாத்தான் பாப்பியாம்மா?"

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.  நான் சொன்னது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நீ இதைப் படிக்கும்போது எனக்குத் தெரிந்திருந்தால் நேரில் சொல்கிறேன்.

மறுநாள் அம்மா அஞ்சலையின் பெட்டியைத் திரும்பக் கேட்டு, கிளினிக்கின் டாக்டர் மேடத்திடம் பேசினாள். ஒருத்திக்காக ஏற்பாட்டை மாற்றினால் எல்லாரும் கேட்பார்கள் என்று முதலில் சொன்ன டாக்டர், அஞ்சலையின் வாயைப் பற்றிக் கேட்டதும் ஒப்புக்கொண்டார். சளியை மறுபடி சோதித்தார்கள். முடிவு வரும்வரை அம்மா வீட்டில் எதையும் சரியாகச் சமைக்கவில்லை, ஒரு நாள் சாம்பாரில் பருப்பே இல்லை. நானும் படபடப்பாகத்தான் இருந்தேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் யார்மீது பொறாமைப்படுவது என்றும் ஓர் எண்ணம் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. தவறிய மருந்தையெல்லாம் சேர்த்து வைத்தியத்தை நீட்டினார்கள். பெட்டி திரும்பவும் அம்மாவின் அலமாரிக்கு வந்தது. அஞ்சலை வந்தாள், வாழைப்பழம் போயிற்று. அம்மா எனக்கு ஒரு ஆரஞ்சு வைக்க ஆரம்பித்தாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் வாங்கி வருகிறாள். ஆரஞ்சு எனக்குப் பிடிக்காது. சொல்லவில்லை.

ஆகவே, மகனே, உனக்கு நான் சொல்லும் புத்தி இது ஒன்றுதான். நான் வேலைக்குப் போகிற தாயாக இருப்பேன். என் வேலை எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. நான் படித்து முடிப்பதற்குள் இந்த ஏற்பாடும் இன்னும் எத்தனை தடவை மாறுமோ. ஒவ்வொரு தடவை மாறும்போதும் என் கண் இருக்கும் இடமும் மாறும். அப்போது நீ உன் கசப்பை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு நான் கேட்பேன் என்று காத்திருக்காதே. நான் கேட்காமல் போகலாம். என்மேல் துப்பிவிடு. நாளைக்கு வேறு சேலை கட்டிக்கொள்வேன். ஊரை விட்டுப் போகிறாயே, அங்கே உன்னோடு இருக்கப்போகிறவர்களிடமும் அப்படியே இரு. அவர்கள் வாய் அசையாமல் இருந்தால், ஒரு நிமிடம் என்று சொல்லாமல் திரும்பிப் பார்.

இன்று அஞ்சலைக்குக் கடைசி மருந்து. காலையிலிருந்து மூட்டம், பகல் முழுக்கக் கிளினிக்கில் டியூப் லைட் எரிந்தது. அவளே கடைசி ஆளாக வந்தாள். செய்தித்தாளில் சுற்றிய சூடான ஜிலேபி கையில் இருந்தது. அம்மா என்னை உள்ளே கூப்பிட்டாள், முதல் தடவையாக. அஞ்சலை முழுங்கினாள், வாயைத் திறந்தாள், நாக்கைத் தூக்கினாள். "எங்க ராசாத்தி" என்றாள் அம்மா. நான் சுவரைப் பார்த்தேன். "இந்தப் பொட்டிய நான் எடுத்துக்கட்டாக்கா?" என்று கேட்டு அந்தக் காலி அட்டைப்பெட்டியை அஞ்சலை மார்போடு அணைத்துக்கொண்டாள். காலிப் பெட்டிமீதுகூடப் பொறாமைப்பட முடியும் என்று எனக்கு இன்றைக்குத் தெரிந்தது.

ஜிலேபியில் முதல் துண்டு அஞ்சலைக்கு. இரண்டாவது எனக்கு. நான் மென்றுகொண்டிருந்தபோது அஞ்சலை, "அக்கா, அது முழுங்குச்சான்னு பாருங்க. நாக்குக்கு அடியில ஒளிக்கிற ஆளாமே!" என்றாள். அம்மா அவளிடம் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கோபம் காதுவரை ஏறியது. அம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு, என் முகவாயைப் பிடித்தாள்.

"வாயத் தொற."

திறந்தேன்.

"நாக்கத் தூக்கு."

தூக்கினேன். அங்கே ஒன்றும் இல்லை, அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் பார்த்தாள். இந்தப் பல், அந்தப் பல், பிறகு என் கண். வாசலில் சௌகிதார் சாவிக்கொத்தோடு வந்து நின்று, "மேடம்ஜி, பந்த் கர் தூம்?" என்றார், பூட்டிவிடட்டுமா என்று.

"ஏக் மினட், பையா" என்றாள் அம்மா, திரும்பாமலே.

அவர் காத்திருந்தார். பிறகு விளக்குகளை அணைத்தார்.